பூட்டில்லா இல்லம்

“மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டது. பிறகு சக்கரத்தைக் கண்டது. அதன் பிறகு பல்லாயிரம் ஆண்டுகள் காத்திருந்து, இன்று, இந்தக் கூடத்தில், பிரிவு என்னும் கொடுமைக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது! தந்தையே, இனி உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் நடுவே கடல் இல்லை, கண்டம் இல்லை, பூட்டும் இல்லை!”

இந்தப் பிரகடனத்தைச் செய்தவர் ரிஷிவர்த்தன். வயது முப்பத்தொன்று. சென்னையில் இருக்கும் ‘உறவுப்பாலம் இல்லங்கள்’ நிறுவனத்தின் தலைமைக் குடும்பவெளி வடிவமைப்பாளர். பிரகடனத்தைக் கேட்டவர்கள் மொத்தம் ஐந்து பேர். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்று, திருச்சி கே.கே. நகரில் சொந்த வீட்டில் தனியாக வசிக்கும் தாயுமானவன், டி.வி. திரையில் தெரிந்த அவருடைய மூன்று பிள்ளைகள். டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி. பிள்ளைகள் கை தட்டினார்கள். பல்லி நகரவில்லை. தாயுமானவன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று நாற்பது.

நாலு மணிக்கு எக்ஸ்சேஞ்சம்மா வந்துவிடுவார்.

எக்ஸ்சேஞ்சம்மா என்பது அமலோற்பவம். அடுத்த தெரு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்கால் போட்டுக்கொடுத்தே கண்ணாடிப் பவரை ஏற்றிக்கொண்டவர். கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம். தாயுமானவனின் மனைவி போய் ஆறு வருடம். நான்கு வருடமாகத் தினமும் நாலிலிருந்து ஆறு வரை இந்தக் கூடத்தில் இருவரும் கேரம் ஆடுகிறார்கள். ஆட்டத்துக்கு நடுவே ஒரு காபி, இரண்டு சண்டை. இதற்கு என்ன பெயர் என்று அவர்கள் பேசிக்கொண்டதில்லை. பிள்ளைகளிடமும் சொன்னதில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மூவரும் சேர்ந்து போன் செய்வார்கள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, கொசு மருந்து அடித்தார்களா என்று கேட்பார்கள். பதினொரு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். அதற்குள் கேரம் போர்டு நுழைய இடமே இருந்ததில்லை.

“தம்பி, புரியற மாதிரி சொல்லுங்க. என்ன பண்ணப் போறீங்க?” என்றார் தாயுமானவன்.

“வெளியை மடிக்கிறோம் சார். சேலைக்குக் கொசுவம் வைக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. அஞ்சு முழம் தள்ளி இருக்குற ரெண்டு இடம், மடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு வந்துடுது இல்லையா? உங்க தெற்குச் சுவர்ல ஒரு கதவு. திறந்தா பெரிய மகன் வீட்டு ஹால், மெல்போர்ன். மேற்குச் சுவர்ல ஒண்ணு. திறந்தா மகள் வீடு, டொராண்டோ. வடக்குல சின்ன மகன், சென்னை பெருங்குடி.”

“மடிச்சா, நடுவுல இருக்குற கடல் எங்க போகும்?”

“அது கொசுவத்துக்குள்ள போயிடும் சார்.”

“விழுப்புரம்?”

“விழுப்புரமும்தான்.”

“விசா?”

“வீட்டுக்குள்ள நடக்கறதுக்கு விசா வேண்டாம்னு எல்லா நாட்டுலயும் ஒத்துக்கிட்டாச்சு சார். தெருவுல மட்டும் இறங்கக் கூடாது.”

தாயுமானவன் முப்பத்து நான்கு வருடம் கம்பத்தில் ஏறியவர், பிறரை ஏற்றியவர். ஒரு சங்கதி அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. “சரி. ஆஃப் பண்ற சுவிட்ச் எங்க?”

“ஆஃப்பா?”

“எந்த லைனா இருந்தாலும் ரெண்டு பக்கமும் ஐசொலேட்டர் இருக்கணும் தம்பி. நடுவுல ஒருத்தன் வேலை பாக்கணும்னா இந்தப் பக்கமும் பிரிக்கணும், அந்தப் பக்கமும் பிரிக்கணும். கரண்ட் இல்லேன்னு லைன் க்ளியர் வாங்கின பிறகுதான் கையே வைக்கணும். இல்லேன்னா அந்தப் பக்கத்துலேருந்து திரும்பி வந்து அடிக்கும். பாசமும் அப்படித்தான் அடிக்கும்.”

ரிஷிவர்த்தன் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் சிரித்தார். “உறவுக்கு எதுக்கு சார் சுவிட்ச்? எங்க தத்துவமே ‘பூட்டில்லா இல்லம்’தான். கதவு இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது. தாழ்ப்பாள்ங்கறது அவநம்பிக்கையோட சின்னம்.”

“கரெக்ட்!” என்றான் மெல்போர்னிலிருந்து மூத்தவன் மருதவாணன்.

“கேக்கவே புல்லரிக்குதுப்பா,” என்றாள் டொராண்டோவிலிருந்து எழிலரசி.

“சூப்பர்,” என்றான் குமரகுரு. சென்னையில் இருக்கும் இந்தக் கடைசி மகன்தான் மூவரில் அதிகத் தொலைவில் இருப்பவன். தீபாவளிக்குக்கூட டிக்கெட் கிடைக்காது அவனுக்கு.

பிறகு வரைபடம் போட ஆரம்பித்தார்கள். ஒரே குடும்பம், ஒரே வீடு, ஒரே கூடம் என்று முடிவானது. கூடம் யார் வீட்டில் இருப்பது என்ற கேள்வி எழுந்தபோது, அன்புப் பெருக்கில் ஒரு சின்ன அடைப்பு ஏற்பட்டது. மெல்போர்ன் ஹாலில் புது மரத்தரை போட்டிருந்தார்கள். டொராண்டோவில் ஏற்கெனவே இடம் போதாது. சென்னை வீடு குமரகுருவின் மனைவி பெயரில் இருந்தது. ஆகவே மூவரும் ஒரே குரலில், அப்பாவின் கூடம்தான் குடும்பத்தின் இதயம் என்று கண்டுபிடித்தார்கள். ரிஷிவர்த்தன் அந்த இதயத்தின் நடுவே பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை ஒன்றை வரைந்தார். வரைந்த இடம், கேரம் போர்டு இருக்கும் இடம்.

“இந்தப் பலகை எதுக்குப்பா இங்க?” என்றாள் எழிலரசி.

“சும்மா. தூசி படாம இருக்கத் தெனம் தொடச்சு வைப்பேன்.”

வாசல் மணி அடித்தது. தாயுமானவன் டி.வி.யை அணைத்தார். அன்று முதல் தடவையாக ஒரு சுவிட்சை அணைத்ததில் அவருக்கு நிம்மதி வந்தது.

அமலோற்பவம் போர்டில் பவுடரைத் தூவிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். “உங்க பசங்க பாசத்துக்கு நான் குறுக்க நிக்கல, ஃபோர்மேன் சார். ஆனா ஒண்ணு சொல்றேன். எங்க எக்ஸ்சேஞ்சுல கனெக்ஷன் குடுத்தா மூணு நிமிஷந்தான். அப்புறம் கட். அதனாலதான் ஜனங்க அவ்வளவு பாசமா பேசுனாங்க. நாலாவது நிமிஷத்துக்கு யார்கிட்டயும் ஒண்ணும் கெடையாது.”

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன்.”

“சொன்னீங்களா?”

“மனசுக்குள்ள சொன்னேன்.”

“கதவு வரட்டும், சந்தோஷம். ஆனா மூணு ஊரு ஜனங்க எட்டிப் பாக்கறப்ப என்னால ஸ்டிரைக்கரைப் புடிக்க முடியாது. தாழ்ப்பாள் இல்லாத கதவுன்னா நான் வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.” சொல்லிவிட்டுச் சிவப்புக் காயைக் குழியில் தள்ளினார். அதற்கு ஃபாலோவாக இன்னொரு காயையும் போட்டார்.

ஆடி மாதம் முழுக்கக் கொத்தனார், தச்சர், மடிப்புக் கருவிக்காரர்கள் என்று வீடு அல்லோலகல்லோலப்பட்டது. கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் முன்பு மூன்று கதவுகளையும் வெள்ளோட்டமாகத் திறந்தார்கள். தெற்குக் கதவைத் திறந்ததும் மெல்போர்னின் குளிர்காலம் முழுசாக வந்து கே.கே. நகரில் உட்கார்ந்தது. தாயுமானவன் ஆடி வெயிலில் மப்ளர் கட்டிக்கொண்டார். திருச்சிக் கொசுக்கள் டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்தன. அவற்றுக்கும் விசா கேட்பாரில்லை. அவர் மத்தி மீன் வறுத்தால் மெல்போர்னில் தீயணைப்பு மணி அடித்தது. மருதவாணன் மூக்கைப் பிடித்தபடி வந்து, “அப்பா, அன்பா சொல்றேன், புதன்கிழமை மட்டும் வறுங்களேன்” என்றான். மேற்குப் பக்கம் டொராண்டோ தூங்கும்போது திருச்சியில் பகல். மிக்சி போடக் கூடாது. தெற்குப் பக்கம் மெல்போர்ன் தூங்கும்போது திருச்சியில் சாயங்காலம், டி.வி. வைக்கக் கூடாது. வடக்குப் பக்கம் சென்னை எப்போதும் மீட்டிங்கில் இருந்தது, தும்மக் கூடாது. ஒரு மனிதன் தன் சொந்த வீட்டில் மிக்சி, டி.வி., தும்மல் மூன்றையும் சேர்த்துச் செய்துகொள்ள மிஞ்சியது காலை ஆறு மணி முதல் ஆறே கால் வரை.

அவர் இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். தாங்க முடியாதது மூன்றாம் நாள் நடந்தது.

ஒரே ஒரு ஆட்டம் என்று கெஞ்சி அமலோற்பவத்தை வரவழைத்திருந்தார். மணி நாலேகால். மேற்குக் கதவு திறந்தது. டொராண்டோவில் காலை ஆறே முக்கால். இடுப்பில் துண்டும் வாயில் பிரஷ்ஷுமாக மாப்பிள்ளை வந்தார். அவர்கள் வீட்டில் காபித்தூள் தீர்ந்துவிட்டதாம். பாதித் தூக்கத்தில் அமலோற்பவத்தைப் பார்த்தார். வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்துவிட்டு, “குட் மார்னிங் அத்தை” என்றார்.

பிறகு அத்தை ஆறு வருடம் முன்பே காலமானது நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளைக்குத் தூக்கம் போய்விட்டது.

“மாமா… இவங்க?”

“கேரம்,” என்றார் தாயுமானவன்.

“கேரமா?”

“கேரம்தான் மாப்பிள்ளை! கேள்விப்பட்டதில்லையா? ஒம்போது கறுப்பு, ஒம்போது வெள்ளை!”

மூன்று நிமிடத்துக்குள் மூன்று கதவிலும் மூன்று தலை தெரிந்தது. “யாருப்பா அவங்க?” என்ற கேள்வி தெற்கு, மேற்கு, வடக்கு மூன்று திசைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் வந்தது. உறவுப்பாலம் நிறுவனம் விளம்பரத்தில் சொல்லியிருந்த குடும்ப ஒற்றுமை அந்த ஒரு தடவைதான் முழுமையாக நிறைவேறியது. அமலோற்பவம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. நாலாவது சுவரில் இருந்த பழைய வாசல் வழியாக வெளியே போனார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் போனார். அதுதான் தாயுமானவனை உறுத்தியது. சண்டை போட்டால் அவர் கதவை அறைந்து சாத்துகிறவர்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவருடைய ஸ்டிரைக்கர் போர்டின் மூலையிலேயே கிடந்தது. தாயுமானவன் அதை எடுத்து வைக்கவும் இல்லை, தொடவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ரிஷிவர்த்தன் கடைசிச் சோதனைக்கு வந்தபோது, தாயுமானவன் அவரைக் கொல்லைப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனார். லஞ்சம் வாங்கத் தெரியாதவர் லஞ்சம் வாங்குவதுபோல் முகம் வேர்த்திருந்தது.

“தம்பி, எனக்கு… அந்த… ஒரு தாழ்ப்பாள்.”

“சார்!” ரிஷிவர்த்தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “எங்க தத்துவம்…”

“உங்க தத்துவத்தை நான் ஒண்ணும் பண்ணல. என் பக்கத்துல மூணு தாழ்ப்பாள் வேணும், அவ்வளவுதான். தெனம் ரெண்டு மணி நேரம் போடுவேன். பசங்களுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவாங்க.”

ரிஷிவர்த்தன் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “இதுக்குத் தாழ்ப்பாள்னு பேர் கிடையாது சார். ‘அமைதித் துணைக்கருவி’. பட்டியல்ல இருக்காது.” தோளில் தொங்கிய பைக்குள் கை விட்டார். உள்ளே கலகலவென்று பித்தளைச் சத்தம் கேட்டது. மூன்றை எடுத்து நீட்டினார். மாங்காய் வடிவம். பார்த்தால் அலங்காரம் மாதிரி இருந்தது. “போட்டா ‘டொக்’குன்னு ஒரு சத்தம் வரும். அது ஒண்ணுதான் குறை.”

தாயுமானவன் அன்று மாலையே அமலோற்பவத்தின் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகவே பேச்சு நடந்தது.

“போட்டாச்சு. மூணுலயும்.”

“பசங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப நீங்க இன்னும் மனசுக்குள்ளதான் சொல்லிட்டிருக்கீங்க.” அமலோற்பவம் ஜன்னல் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். “சரி. கிரகப்பிரவேசம் முடியட்டும். அன்னிக்கு நாலு மணிக்கு வர்றேன். கதவு மூணும் தாழ் போட்டிருந்தா ஒக்காருவேன். இல்லேன்னா ஸ்டிரைக்கரை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். அதோட சரி.”

ஆவணி முதல் தேதி, காலை ஒன்பதிலிருந்து பத்தே காலுக்குள் முகூர்த்தம். எல்லாரும் பட்டு உடுத்திக் கூடத்தில் கூடிவிட்ட பிறகுதான் ஐயர் ஒரு சந்தேகம் கேட்டார்.

“அந்த மேற்குக் கதவுக்கு அந்தண்ட இப்ப மணி என்ன?”

“பதினொண்ணரை ஐயரே. நேத்து ராத்திரி.”

“நேத்தா? அப்ப அங்க இன்னும் ஆடின்னா நடக்கறது!”

எல்லாரும் மேற்குக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் நாலில் ஒரு பங்கு ஆடி மாதத்தில் இருந்தது. ஆடியில் எவனாவது கிரகப்பிரவேசம் செய்வானா? பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக நிலைப்படியில் நின்ற எழிலரசி அழுதுவிடுவாள் போலிருந்தது. ரிஷிவர்த்தன் மடிப்பியல் பற்றி என்னவோ சொல்ல வந்தார், ஐயர் கையமர்த்தினார். “நீங்க கடலை மடிச்சுட்டேள், சரி. பஞ்சாங்கத்தை மடிக்கலையே? ஒம்போதரைக்கு அங்க ஆவணி பொறந்துடும். அது வரைக்கும் அந்தக் குழந்தை அங்கயே நிக்கட்டும்.”

எழிலரசி அரை மணி நேரம் நிலைப்படியில் நின்றாள். ஒன்பதரைக்கு வலது காலை எடுத்து வைத்து ஆடியிலிருந்து ஆவணிக்கு வந்தாள். பால் பொங்கியது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பேர் மேஜையில் வாழை இலை போட்டுச் சாப்பிட்டார்கள். கேரம் போர்டு ஸ்டோர் ரூம் சுவரில் சாய்ந்து நின்றது. ரிஷிவர்த்தன் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பிரிவு ஒழிந்ததாக இன்னொரு முறை அறிவித்துவிட்டுப் போனார்.

மணி மூன்றரை ஆனது. தாயுமானவனுக்கு இருப்பு கொள்ளவில்லை. பிள்ளைகளை எப்படிப் போகச் சொல்வது? பதின்மூன்றாயிரம் கிலோமீட்டரை மடித்து வந்தவளிடம், கிளம்பும்மா என்று எப்படிச் சொல்வது? இத்தனை அன்பான பிள்ளைகளுக்குத் தெரியாமல் தாழ்ப்பாள் வாங்கி வைத்திருக்கிறோமே என்று நெஞ்சு குறுகுறுத்தது. முப்பத்து நான்கு வருட சர்வீசில் ஒரு பியூஸ் கட்டையைக்கூடத் திருடாத மனிதர்.

நல்லவேளை, அவர்களே எழுந்தார்கள்.

“அங்க எட்டு மணி தாண்டிடுச்சுப்பா. காலையில ஆபீஸ்,” என்றான் மருதவாணன்.

“ராத்திரி பூரா கண்ணு முழிச்சோம்பா. கொஞ்சம் படுத்து எந்திரிக்கறேன்,” என்றாள் எழிலரசி.

“நானும் கிளம்பறேன்பா,” என்றான் குமரகுரு. “இப்ப கிளம்பினாத்தான் டிராஃபிக்ல மாட்டாம போலாம்.” சொல்லிவிட்டு, நாலு எட்டு நடந்து, கதவைத் திறந்து, பெருங்குடிக்குப் போய்விட்டான்.

மூன்று கதவுகளும் சாத்திக்கொண்டன. கூடத்தில் சாம்பார் வாசனையும் அவரும் மட்டும். மணி மூன்று ஐம்பத்தெட்டு. வாசல் கேட் கிறீச்சிட்டது. அமலோற்பவம் படியேறி வந்து, உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாயுமானவன் உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, வீட்டுச் செருப்பைக் கழற்றி, பூனை மாதிரி வடக்குக் கதவருகே போனார். மாங்காயைப் பிடித்தார். சத்தம் வராமல் எப்படித் தள்ளுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

டொக்.

கையைப் பார்த்தார். அவர் இன்னும் தள்ளவில்லை.

சத்தம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. தொடர்ந்து குமரகுருவின் குரல், பலகைக்குப் பின்னால், மிக அருகில்: “போட்டுட்டேன்டி. மெதுவா பேசு, அப்பாவுக்குக் கேட்டுடும்.”

தெற்கிலிருந்து ஒரு டொக். சற்றுப் பொறுத்து, மேற்கிலிருந்து ஒன்று. எழிலரசி எப்போதும் எதையும் யோசித்துத்தான் செய்வாள்.

மூன்றும் ஒரே சத்தம். ஒரே பித்தளை. ரிஷிவர்த்தனின் பை ஏன் அப்படிக் கலகலத்தது என்று தாயுமானவனுக்கு இப்போது விளங்கியது. முகம் சிவந்தது. “பாத்தீங்களா எக்ஸ்சேஞ்சம்மா! பாத்தீங்களா அநியாயத்தை! பெத்த அப்பன் மூஞ்சியில தாழ்ப்பாள் போடறானுங்க! இவனுங்களுக்காக நான் மப்ளர் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன், மீனு திங்காம கெடந்தேன்…”

“ஃபோர்மேன் சார்,” என்றார் அமலோற்பவம்.

“என்ன?”

“உங்க கை எங்க இருக்கு?”

கை மாங்காய் மேல் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். என்ன விஷயத்துக்கு என்று கேட்கவில்லை. வீட்டுக்குள் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்த மனிதர்கள் சிரிக்கும் சிரிப்பு. தன் மகன் அப்படிச் சிரித்து அவர் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

“அவங்கதான் போட்டுட்டாங்களே. நீங்களும் போடணுமா?” என்றார் அமலோற்பவம், குரலைச் சற்று இறக்கி.

“போடணும்,” என்றார் தாயுமானவன். “ரெண்டு பக்கமும் பிரிக்கணும். அதான் முறை.”

தள்ளினார். டொக். தெற்கே போனார். டொக். மேற்குக் கதவிடம் மட்டும் கொஞ்சம் தயங்கினார். அதையும் தள்ளினார்.

“லைன் க்ளியர்,” என்றார். உள்ளங்கையால் மேற்குக் கதவை ஒரு தடவை தடவினார். அமலோற்பவம் அதைக் கவனிக்காதவர்போல் ஸ்டோர் ரூமிலிருந்து போர்டை இழுத்து வந்து பன்னிரண்டு பேர் மேஜை மேல் போட்டார். உயரம் சரியாக இருந்தது.

‘உறவுப்பாலம் இல்லங்கள்’ அடுத்த ஆண்டு வெளியிட்ட மலரில் அந்த வீடு அட்டைப்படமாக வந்தது. மூன்று கண்டங்கள், ஒரே கூடம், பன்னிரண்டு மாதங்களில் ஒரு புகார்கூட இல்லை என்று கீழே அச்சிட்டிருந்தார்கள். அது உண்மைதான். கதவுகள் மூன்றும் புதுசாகவே இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூவரும் அப்பாவுக்குப் போன் செய்கிறார்கள்.